கரையில் ஓடும்போது நாய் துரத்தினால், கடித்தால்: கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்

கேள்வி இதுதான். நீடாமங்கலம் பக்கம் கோரையாற்றுக் கரையில் விடியற்காலை ஓடி, காவலர் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கூட ஓடிய நண்பரை ஒரு மோட்டார் கொட்டகை நாய் பின்னாலிருந்து வந்து கெண்டைக்காலில் பிடித்துவிட்டது. டிராக் பேண்ட் கிழியவில்லை, உள்ளே இரண்டு கீறல் மட்டும். "தெரிஞ்ச நாய்தான், ஊசி அவசியமா? இனிமே கரையில ஓடலாமா, இல்ல மெயின் ரோட்டுக்குப் போயிடணுமா?"

நான் கால்நடை மருத்துவர். டெல்டாவில் பல ஊர் கால்நடை மருந்தகங்களில் வேலை பார்த்திருக்கிறேன், காலையில் கரையில் ஓடுகிற ஆளும்கூட. மனிதர்களுக்கு எந்த ஊசி, எத்தனை என்பதை உங்கள் டாக்டர்தான் முடிவு செய்வார். ஆனால் நாய்ப் பக்கத்து நியாயமும் ரேபிஸ் என்ற வெறிநாய்க்கடி நோயின் குணமும் எனக்குத் தெரியும், அதனால் சொல்கிறேன்.

முதலில் நண்பர் விஷயம். ஊசி அவசியம், இன்றைக்கே. பேண்ட் கிழியவில்லை என்பது ஒரு ஆறுதலே இல்லை. துணி கிழியாமலே பல் அழுத்தித் தோல் பிளந்துவிடும், எச்சில் துணி வழியாக ஊறும். தோல் கிழிந்திருக்கிறதா என்று சந்தேகமாக இருந்தால் கழுவியபிறகு கொஞ்சம் ஸ்பிரிட் தொட்டுப் பாருங்கள், சுரீர் என்று எரிந்தால் கிழிந்திருக்கிறது என்று அர்த்தம். எரியாவிட்டாலும் டாக்டரிடம் காட்டத்தான் வேண்டும். ரத்தம் வராத கீறல் என்றால் தடுப்பூசி மட்டும் போதும். துளி ரத்தம் வந்திருந்தாலும், பல் உள்ளே இறங்கியிருந்தாலும், ஏற்கெனவே இருந்த புண்ணில் எச்சில் பட்டிருந்தாலும் அது மூன்றாம் வகைக் காயம், அதாவது மிக ஆபத்தான வகை. அதற்குத் தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலின் என்ற இன்னொரு மருந்தையும் காயத்துக்குள்ளேயும் சுற்றிலும் போட வேண்டும். தடுப்பூசி போட்டு உடம்பில் எதிர்ப்புச் சக்தி உருவாக ஒரு வாரம், பத்து நாள் ஆகும், அதுவரை காயத்திலேயே கிருமியை மடக்கி வைப்பது இந்த மருந்துதான். ஆகவே ஆரம்ப சுகாதார நிலையத்தில் தடுப்பூசி போட்டுவிட்டு "அது இங்கே இல்லை, ஜி.ஹெச்.சுக்குப் போங்க" என்று சொன்னால் அதை அலைச்சல் என்று நினைத்துத் தட்டிக் கழிக்காதீர்கள். உங்களுக்குத் திருவாரூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் பக்கம், தஞ்சாவூரும் பக்கம். முதல் தடுப்பூசி போட்டு ஏழு நாளைக்குள் இந்த மருந்தைப் போட்டுவிடலாம், அதற்குமேல் போட்டுப் பயனில்லை.

"தெரிஞ்ச நாய்" என்பதற்கு வருகிறேன். என்னிடம் வரும் நாய்களில் எனக்கு மிகவும் கவலை தருவது தெருவில் பல்லைக் காட்டும் நாய் இல்லை, வீட்டு நாய். அடிக்கடி நடப்பது இது: கயிற்றில் கட்டி இழுத்து வருவார்கள், நாய் சத்தமே போடாமல் நிற்கும், கீழ்த்தாடை தொங்கிக்கொண்டிருக்கும், வாயிலிருந்து எச்சில் நூல் மாதிரி மார்பு வரை இறங்கியிருக்கும். "ரெண்டு நாளா ஒண்ணும் திங்கல சார், தொண்டையில எலும்பு மாட்டியிருக்கு, வீட்டுல கையை விட்டுப் பார்த்தோம், அகப்படல." அது எலும்பு இல்லை. ரேபிஸின் ஊமை வடிவம், தாடைத் தசை செயலிழந்துபோயிருக்கும். எல்லோரும் எதிர்பார்ப்பது சினிமாவில் வருகிற மாதிரி நுரை தள்ளி வெறிபிடித்து ஓடும் நாயை. அந்த மாதிரியும் உண்டு, குரல் மாறி, கல்லையும் கட்டையையும் கடித்து, நேர்கோட்டில் ஓடி எதிர்ப்பட்டதையெல்லாம் கடித்துக்கொண்டே போகும். ஆனால் நோய் வெளியே தெரிவதற்குச் சில நாள் முன்பே எச்சிலில் கிருமி வந்துவிடும். அன்றைக்கு அந்த நாய் வாலை ஆட்டும், சோறு தின்னும், பேர் சொல்லிக் கூப்பிட்டால் வரும். அதனால்தான் நாயின் முகத்தைப் பார்த்து ஊசியை முடிவு செய்யக் கூடாது என்கிறேன். குட்டி நாய் கடித்தது, சும்மா விளையாட்டுக்குக் கடித்தது, இதெல்லாமும் கடிதான்.

பத்து நாள் நாயைக் கண்காணிப்பது என்று ஒன்று இருக்கிறது, அதையும் பலர் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். பத்து நாள் பார்த்துவிட்டு ஊசி போடலாம் என்பது இல்லை. ஊசியை இன்றைக்கே ஆரம்பித்துவிட்டு, நாயைக் கட்டிப்போட்டுச் சோறும் தண்ணியும் வைத்துப் பார்க்க வேண்டும். கடித்த நாள் எச்சிலில் கிருமி இருந்திருந்தால் பத்து நாளைக்குள் அந்த நாய் சாகும். பத்தாவது நாளும் அது நன்றாக இருந்தால் மீதி ஊசியை என்ன செய்வது என்று டாக்டர் சொல்வார். ஆத்திரத்தில் நாயை அடித்துக் கொன்றால் அந்தத் தகவல் போய்விடும், இது உங்களுக்கே நஷ்டம்.

கழுவுவதைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும், ஏனென்றால் ஊசிக்கு இணையாக வேலை செய்வது இதுதான், காசும் கிடையாது. சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் முழுசாகப் பதினைந்து நிமிடம். ஒரு சொம்பு ஊற்றி, கையால் தேய்த்து, துண்டால் துடைப்பது கழுவல் ஆகாது. நம் கரைகளில் இதற்கு வழி இருக்கிறது. பக்கத்தில் பம்புசெட் ஓடிக்கொண்டிருந்தால் குழாயடியில் காலை நீட்டிவிடுங்கள், கூட இருப்பவர் பக்கத்து வீட்டிலோ டீக்கடையிலோ போய் ஒரு சோப்பு வாங்கி வரட்டும், குளிக்கிற சோப்போ துணி சோப்போ எதுவானாலும் சரி. வெளியே கொழுப்பு உறை உள்ள கிருமி இது, சோப்பு அந்த உறையைக் கரைத்துவிடுகிறது. பிறகு பீட்டாடின் மாதிரி ஏதாவது தடவலாம். சுண்ணாம்பு, மஞ்சள்தூள், மிளகாய்த்தூள், காபித்தூள் எதையும் வைக்காதீர்கள், அது காயத்தைப் புண்ணாக்கிக் கிருமியை உள்ளே தள்ளும். இறுக்கிக் கட்டும் வேண்டாம். தையலும் உடனே போடக் கூடாது, ரத்தம் நிற்காவிட்டாலோ முகத்தில் பெரிய கிழிசல் என்றாலோ அந்த இம்யூனோகுளோபுலினைப் போட்ட பிறகு டாக்டர் தளர்வாகப் போடுவார். மந்திரிப்பது, வேர் கட்டுவது, நாட்டு மருந்து குடிப்பது எல்லாம் இன்னும் நம் பக்கத்தில் நடக்கிறது. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொன்னால் சண்டை போட வேண்டாம், மந்திரித்துக்கொள்ளுங்கள், ஆனால் ஊசி போட்டுவிட்டுப் போய் மந்திரித்துக்கொள்ளுங்கள். இந்த நோய் அறிகுறி காட்டிவிட்டால் அப்புறம் காப்பாற்ற முடியாது, பெரிய ஆஸ்பத்திரியானாலும் முடியாது. குறி தெரிய பெரும்பாலும் ரெண்டு மூணு மாதம் ஆகும், சிலருக்கு ஒரு வாரத்திலும் வரும், ஒரு வருஷம் கழித்தும் வரும். அந்த இடைவெளியில் உடம்பு நன்றாக இருப்பதால்தான் மனுஷன் ஏமாந்துபோகிறான்.

அரசு மருத்துவமனையில் தடுப்பூசி இலவசம். தோலுக்குள் போடும் முறை என்றால் போட்ட நாளை 0 என்று வைத்து 0, 3, 7, 28 ஆகிய நாட்களில், ஒவ்வொரு முறையும் இரண்டு கையிலும். தசையில் போடும் முறை என்றால் 0, 3, 7, 14, 28. ஏழாம் நாளோடு நிறுத்திக்கொள்கிறவர்கள் நிறைய, 28-ஐ மறந்துவிடுகிறார்கள், போனில் நினைவூட்டல் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். டெட்டனஸ் ஊசி பற்றியும் கேட்கச் சொல்லுங்கள். தொப்புளைச் சுற்றி பதினாலு ஊசி என்பது பழைய கதை, ஆட்டு மூளையிலிருந்து செய்த அந்த மருந்தின் உற்பத்தியை இந்தியாவில் 2004-லேயே நிறுத்தியாயிற்று. ஊசி போட்டால் கறி தின்னக் கூடாது, குளிக்கக் கூடாது என்ற பத்தியமும் கிடையாது. ஊசிக்காக ஓட்டத்தை நிறுத்த வேண்டியதில்லை, கால் காயம் ஆறும்வரை வேகத்தைக் குறைத்தால் போதும். 1500 மீட்டரை ஏழு நிமிடத்தில் ஓட வேண்டிய பையனுக்கு இந்தக் கவலை இருக்கும் என்று தெரிந்துதான் சொல்கிறேன்.

சரி, இனி கரையில் எப்படி ஓடுவது. என் கருத்தில் மெயின் ரோட்டுக்குப் போவது தீர்வே இல்லை, இருட்டில் டிப்பர் லாரிக்கு நடுவில் ஓடுவதைவிடக் கரை எவ்வளவோ மேல். ஆனால் கரையில் இருக்கிற நாய் ஊருக்குள் இருக்கிற நாய் இல்லை என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். கரை நாய் கிட்டத்தட்ட எப்போதும் எதையோ காக்கிறது. அது எது என்று தெரிந்தால் அது எந்த இடத்தில் பாயும், எந்த இடத்தோடு நிற்கும் என்று சொல்லிவிடலாம். மோட்டார் கொட்டகை நாய்க்குக் கொட்டகையும் அதைச் சுற்றிக் கொஞ்சம் தூரமும்தான் ராஜ்ஜியம், அதைத் தாண்டிவிட்டால் குரைத்துவிட்டுத் திரும்பிப் போகும். தை, மாசியில் சம்பா அறுத்த வயலில் ராமநாதபுரம் பக்கத்துக் கீதாரிகள், அதாவது ஆட்டு மந்தைக்காரர்கள், ராத்திரி மந்தையை அடைத்து ஆட்டுக்கிடை போடுவார்கள். அந்தக் கிடை நாய்கள் ராத்திரி முழுக்க நரிக்கும் திருடனுக்கும் முழித்திருந்தவை, விடியற்காலை இருட்டில் தடதடவென்று ஓடி வருகிறவனை அவை வேறு யாராகவும் நினைக்காது. கிடை இன்றைக்கு ஒரு வயல், ரெண்டு நாள் கழித்து இன்னொரு வயல் என்று மாறிக்கொண்டே இருக்கும், ஆகவே நேற்றைக்கு அமைதியாக இருந்த இடம் இன்றைக்கு அமைதியாக இருக்கும் என்று கணக்குப் போடாதீர்கள். வாத்து மேய்க்கிறவர்களோடு வரும் நாய்களும் அப்படித்தான். அறுவடைக் காலத்தில் கொள்முதல் நிலையத்து நெல் குவியலைச் சுற்றி ஆளும் நாயும் படுத்திருக்கும். குட்டி போட்ட தாய் நாய் மதகு அடியிலோ வைக்கோல் போரிலோ இருக்கும், ஐப்பசியிலிருந்து மாசி வரை இது அதிகம், அது குரைக்காமலே நேராக வந்து கடிக்கும். கோழிக்கடைக் கழிவையும் கல்யாண மண்டபத்து எச்சில் இலையையும் கொண்டுவந்து கரையில் கொட்டுகிற இடம்தான் எல்லாவற்றிலும் மோசம், ஏனென்றால் அங்கே ஒரு நாய் இல்லை, கூட்டம்.

அதனால் நான் பழக்கிக்கொண்டதும், என்னிடம் கேட்கிற பிள்ளைகளுக்குச் சொல்வதும் ஒன்றுதான்: அந்த இடம் வருவதற்கு முன்னாலேயே நடைக்கு வந்துவிடுங்கள். நாய் துரத்த ஆரம்பித்தபிறகு நிற்பது இரண்டாம் பட்சம். ஓடுகிற எதையும் துரத்துவது நாயின் ரத்தத்தில் இருக்கிறது, ஓடுகிறவனின் கெண்டைக்கால் அதன் வாய்க்கு நேர் உயரத்தில் முன்னும் பின்னும் ஆடுகிறது. நடக்கிறவனைப் பார்த்துக் குரைத்துவிட்டு விடுகிற அதே நாய்தான் ஓடுகிறவனைப் பிடிக்கிறது. கொட்டகைக்கு ஐம்பது அடி முன்னால் நடை, ஐம்பது அடி தாண்டி மறுபடி ஓட்டம். நேரம் போகிறதே என்றால், நேரம் பார்த்து ஓடுகிற ஓட்டத்தைப் பள்ளிக்கூட மைதானத்தில் வைத்துக்கொள்ளுங்கள், தூரம் ஓடுவதைக் கரையில் வைத்துக்கொள்ளுங்கள். புதுக் கரை என்றால் முதல் சில நாள் வெளிச்சத்தில் நடந்துபோய் எங்கே என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொள்வது நல்லது, கொட்டகைக்காரரிடம் நின்று ரெண்டு வார்த்தை பேசினால் இன்னும் நல்லது. நாய்க்கும் உங்கள் வாசனையும் வருகிற நேரமும் பழகிவிடும்.

அப்படியும் ஒன்று பாய்ந்து வந்தால் நில்லுங்கள். திரும்பி ஓடக் கூடாது. எந்த ஓட்டக்காரனாலும் நாயை முந்த முடியாது. முதுகைக் காட்டாமல் கொஞ்சம் பக்கவாட்டில் நின்று, கையைத் தொங்கவிட்டு, கண்ணோடு கண் முறைத்துப் பார்க்காமல் நாயின் கால் பக்கம் பார்வையை வைத்து, கனத்த குரலில் ஒருமுறை "ஏய், போ" என்று சொல்லுங்கள். கீச்சென்று கத்த வேண்டாம். அது நின்றுவிட்டால் ஒவ்வொரு அடியாகப் பின்னுக்கு நகருங்கள். குனிந்து கல் எடுப்பது மாதிரிக் காட்டினால் நம்மூர் நாய்கள் விலகும் என்பது உண்மைதான், ஆனால் அது தூரத்தில் இருக்கும்போது மட்டும். இரண்டு எட்டுக்குள் வந்தபிறகு குனிந்தால் உங்கள் முகத்தை அதற்கு நேராகக் கொடுக்கிறீர்கள். கெண்டைக்காலில் கடி என்றால் போட்ட ஊசி வேலை செய்ய நேரம் இருக்கிறது. முகத்திலும் கழுத்திலும் கடி என்றால் மூளைக்குத் தூரம் குறைவு, நோயும் சீக்கிரம் வரும். காலால் உதைக்கவும் வேண்டாம், நின்றிருந்த நாயைக் கடிக்க வைப்பது பெரும்பாலும் அந்த உதைதான். தண்ணீர் பாட்டில், துண்டு, கழற்றிய சட்டை, எது கையில் இருக்கிறதோ அதை நடுவில் நீட்டுங்கள், அதைக் கடித்துக்கொள்ளட்டும். கூட்டமாக வந்து கீழே தள்ளிவிட்டால் குப்புறச் சுருண்டு, விரலைக் கோத்துக் கழுத்தையும் காதையும் மூடிக்கொண்டு அசையாமல் கிடக்க வேண்டும், சொல்வது சுலபம் என்று தெரியும், ஆனாலும் மனதில் ஒருமுறை ஓட்டிப் பார்த்து வைத்திருந்தால் அந்த நேரத்தில் உடம்பு செய்யும்.

கரையில் ஒரு பக்கம் ஆறு, ஒரு பக்கம் வயல் சரிவு. நாய்க்குப் பயந்து ஆற்றில் குதிக்காதீர்கள். ஜூன் 12-ஐ ஒட்டி மேட்டூர் திறந்து தண்ணீர் வந்துவிட்டால் தை வரைக்கும் ஆற்றில் இழுப்பு இருக்கும், மதகுப் பக்கம் சுழலும் இருக்கும், நீச்சல் தெரிந்தவனும் போயிருக்கிறான். அதேபோலப் பின்னால் பார்க்காமல் கரையின் குறுக்கே விலகாதீர்கள். பால்காரர் வண்டி, புல்லுக்கட்டு வைத்த டி.வி.எஸ். எல்லாம் அந்த நேரத்தில்தான் வரும், நாய் கடித்ததைவிட அதில் அடிபட்டவர்கள் உண்டு. ரெண்டு காதிலும் பாட்டை மாட்டிக்கொண்டு ஓடுவதை நான் கண்டிப்பாக வேண்டாம் என்பேன். நாய் பாயுமுன் பெரும்பாலும் உறுமும், அந்த ஒரு நொடிதான் உங்களுக்குக் கிடைக்கிற எச்சரிக்கை. கையில் ஒரு டார்ச் இருந்தால் முன்னால் படுத்திருக்கும் நாயின் கண் மின்னுவது தூரத்திலேயே தெரியும். எதிரே யாராவது வீட்டு நாயைப் பிடித்து வந்தால் "தாண்டிப் போறேன்" என்று முன்கூட்டியே குரல் கொடுத்து நடந்து தாண்டுங்கள், நாய் இருக்கிற பக்கம் விட்டு மறுபக்கம். வீட்டு நாய்க்காரர்களுக்கு: கயிறு இல்லாமல் கரைக்குக் கொண்டுவராதீர்கள். "ஒண்ணும் செய்யாது" என்று நீங்கள் சொல்வது உங்களிடம் அது நடந்துகொள்வதை வைத்து. எதிரே ஓடிவரும் ஆளை அது இதற்குமுன் பார்த்ததில்லை.

பிஸ்கட் போட்டுப் பழக்கிக்கொள்ளலாமா என்று பலர் கேட்பார்கள். ஓடுகிற பாதையில் வேண்டாம். உங்களைக் கண்டால் வாலாட்டும், சரி, ஆனால் பிஸ்கட்டுக்காக அந்த இடத்தில் நாலு நாய் சேரும், அடுத்து வருகிற ஒரு பாட்டியையோ சைக்கிளில் டியூஷன் போகிற பிள்ளையையோ அவை மறிக்கும். 2025 ஆகஸ்ட் 22-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதும் இதை ஒட்டியதுதான்: தெரு நாயைப் பிடித்துக் கருத்தடையும் ரேபிஸ் தடுப்பூசியும் செய்து பிடித்த இடத்திலேயே விட வேண்டும், வெறி பிடித்ததும் மூர்க்கமானதும் மட்டும் விலக்கு, சோறு வைப்பதற்கென்று தனி இடம் ஒதுக்க வேண்டும். அதே வருஷம் நவம்பர் 7-ல் பள்ளி, மருத்துவமனை, விளையாட்டு வளாகம், பஸ் ஸ்டாண்டு, ரயில் நிலையம் ஆகிய இடங்களில் பிடித்த நாய்களைத் திரும்ப அங்கே விடக் கூடாது என்றும் சொன்னது. ஆகவே நீங்கள் பயிற்சி எடுக்கும் பள்ளி மைதானத்தில் நாய்த் தொல்லை என்றால் இதைச் சொல்லி நகராட்சியிலோ ஊராட்சியிலோ எழுதிக் கொடுக்கலாம். ஆற்றங்கரையில் இருக்கிற நாய்களை லாரியில் ஏற்றி வேறு ஊரில் விடச் சொல்லி மனு கொடுக்காதீர்கள், கழிவு கொட்டுகிற இடம் அப்படியே இருந்தால் அந்தக் காலி இடத்துக்குப் பக்கத்து ஊர் நாய் வரும், அதுவும் ஊசி போடாத நாய். ஊரில் நூற்றுக்கு எழுபது நாய்க்காவது தடுப்பூசி இருந்தால் இந்த நோய் அந்த ஊரில் பரவ முடியாமல் நின்றுவிடும். மனுவில் கழிவு கொட்டுகிற இடத்தை எந்த மதகுக்கும் எந்தப் பாலத்துக்கும் நடுவில் என்று குறித்து, எந்த நேரத்தில் வண்டி வந்து கொட்டுகிறது என்றும் எழுதுங்கள், போட்டோ இருந்தால் இணையுங்கள். பொதுவாக "நாய்த் தொல்லை" என்று எழுதினால் அந்த மனு நகராது.

உங்களைப் போலத் தினமும் ஓடுகிறவர்கள் கடி படுவதற்கு முன்னாலேயே தடுப்பூசி போட்டுக்கொள்வதும் உண்டு. எங்களைப் போல நாயோடு வேலை செய்கிறவர்கள் போட்டிருப்போம். அப்படிப் போட்டிருந்தால் பிறகு கடித்தால் 0, 3 என்று இரண்டு நாள் ஊசியோடு முடிந்தது, அந்த இம்யூனோகுளோபுலின் தேவையில்லை. கழுவுவது மட்டும் அப்போதும் அதேதான். உங்கள் நண்பர் இந்த முறை எல்லா ஊசியையும் முடித்துவிட்டால் அவருக்கும் இதே கணக்குதான், அதனால் அந்தச் சீட்டைத் தூக்கிப் போடாமல் வைத்திருக்கச் சொல்லுங்கள்.

கடைசியாகக் கொட்டகைக்காரர். அவரிடம் சண்டைக்குப் போவதால் நாய் நாளைக்கே காணாமல் போகும், கண்காணிக்க வழி இருக்காது. "அண்ணே, பத்து நாள் கட்டிப்போடுங்க, அப்புறம் நானே கூட வரேன், ஊசி போட்டுடலாம்" என்று சொல்லிப் பாருங்கள், பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். நாய்க்கு மூன்று மாதக் குட்டியில் முதல் ஊசி, பிறகு வருஷா வருஷம் ஒன்று. செப்டம்பர் 28 ரேபிஸ் தினத்தை ஒட்டி கால்நடை மருந்தகங்களில் இலவச முகாம் நடத்துவோம், ஆனால் அதுவரை காத்திருக்க வேண்டாம். பத்து நாள் முடிவதற்குள் அந்த நாய் சோறு தின்னாமல் ஒதுங்கிப் படுத்தாலோ, குரல் மாறினாலோ, பின்கால் தள்ளாடினாலோ, செத்துப்போனாலோ வெறும் கையால் தொடாமல் உடனே பக்கத்துக் கால்நடை மருத்துவரிடம் சொல்லச் சொல்லுங்கள், அந்தக் கொட்டகையில் அதோடு பழகிய எல்லோரும், அதன் எச்சில் பட்ட ஆடு மாடும் அன்றைக்கே பார்க்கப்பட வேண்டும்.